மெட்டுகளுக்கு எல்லைக்கோடு கிடையாது: பேலா பார்டோக்கின் இசைக் கட்டுரைகள்

1942-இல் நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ‘மாடர்ன் மியூசிக்’ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியானது. தலைப்பு ‘இசையில் இனத் தூய்மை’. எழுதியவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக். ஐரோப்பாவின் பெரும்பகுதி ஹிட்லரின் பிடியில் இருந்த நேரம் அது. யார் சுத்த ரத்தம், யார் கலப்பு என்று சட்டம் போட்டு மனிதர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்டோக் அந்த விவாதத்துக்குள் நேராகப் போகவில்லை. மனித இனத்தைப் பற்றிப் பேச அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள், நான் வாழ்நாளில் பெரும்பகுதியை நாட்டுப்புற இசையோடு கழித்தவன், அங்கே கலப்பு என்ன செய்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன் என்று தொடங்குகிறார்.

அவர் காட்டும் உதாரணம் எளிமையானது. ஒரு ஹங்கேரிய மெட்டை ஸ்லோவாக்கியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தங்கள் மொழியின் அழுத்தத்துக்கும் அசைக்கும் ஏற்ப வளைத்துக்கொள்கிறார்கள். சில காலம் கழித்து அந்த மெட்டை ஹங்கேரியர்கள் திரும்ப வாங்கி மறுபடியும் தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் திரும்பி வந்தது போன மெட்டு இல்லை, அது புதிது. நல்லவேளையாக அப்படி, என்கிறார் பார்டோக். வெளித்தொடர்பே இல்லாமல் இருந்தால் இசை தேங்கிப்போகும். நன்றாகச் செரித்துக்கொண்ட அந்நியத் தாக்கம் அதை வளப்படுத்தும். கிழக்கு ஐரோப்பாவின் கிராமிய இசை இவ்வளவு வகைவகையாக இருப்பதற்கு இந்த ‘அசுத்தம்’தான் காரணம் என்று முடிக்கிறார்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது முடிவு மட்டுமல்ல, அந்த முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த பாதை. காரணம், 39 வருடங்களுக்கு முன்னால் இதே மனிதர் இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றுகொண்டிருந்தார். அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்தது அரசியல் கொள்கை அல்ல. காது. கேட்டதை எழுதி, மறுபடி கேட்டு, எழுதியதைத் திருத்தி, அப்புறம் கொள்கையையும் திருத்திக்கொண்ட கதை அவருடைய கட்டுரைகளில் வரிசையாகக் கிடைக்கிறது.

கட்டுரைகள் ஒன்றாகக் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் பெஞ்சமின் சுச்சாஃப். நியூயார்க்கில் இருந்த பார்டோக் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட ஆய்வாளர் அவர். பார்டோக் ஹங்கேரிய மொழியிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், பல நாட்டு இதழ்களுக்காகச் சிதறலாக எழுதியவற்றைத் தேடித் தொகுத்து 1976-இல் ஆங்கிலத்தில் ஒரே கனத்த நூலாகக் கொண்டுவந்தார். ஹங்கேரிய மொழியில் அதற்கு முன்பே தொகுப்பு வந்திருந்தது. ஆனால் உலகம் பார்டோக்கை எழுத்தாளராகப் படிக்கத் தொடங்கியது பெரும்பாலும் சுச்சாஃபின் நூலிலிருந்துதான். நடை வறண்டது என்று சொல்லிவிடலாம். அடைமொழி குறைவு, உணர்ச்சிப் பெருக்கு இல்லை, பல இடங்களில் மெட்டு வகைகளின் பட்டியல். கவிதை மாதிரி எழுதும் இசையமைப்பாளரைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு வேறொன்று கிடைக்கும்: தான் சொல்வதை ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ளும் ஒரு மனம்.

சரி, அந்த எதிர்த் திசை என்ன? பார்டோக் பிறந்தது 1881-இல், அன்றைய ஹங்கேரியின் தென்கிழக்கில் இருந்த நாஜ்சென்ட்மிக்லோஷ் என்ற சிற்றூரில். இன்று அது ருமேனியாவில் இருக்கிறது. ஏழு வயதில் தந்தையை இழந்தார். ஆசிரியையான தாய் வேலை கிடைத்த ஊர்களுக்கெல்லாம் பிள்ளைகளோடு மாறிப் போனார். அந்த ஊர்களும் இன்று உக்ரைன், ருமேனியா, ஸ்லோவாக்கியா என்று பிரிந்து கிடக்கின்றன. 22 வயதில் பார்டோக் தீவிர தேசியவாதி. வீட்டில் ஜெர்மன் பேசக்கூடாது, ஹங்கேரிய மொழிதான் பேச வேண்டும் என்று தாய்க்கு எழுதுகிறார். என் வாழ்க்கை முழுக்க ஒரே நோக்கம் ஹங்கேரிய தேசத்தின் நன்மை என்று 1903-இல் எழுதிய கடிதம் இருக்கிறது. அதே வருடம் ஆஸ்திரியாவை எதிர்த்து நின்ற தலைவர் கோஷூத்தைப் பற்றி ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதி, அதில் ஆஸ்திரிய தேசிய கீதத்தைக் கோணலாக்கிக் கிண்டல் செய்தார்.

அன்று அவர் ‘ஹங்கேரிய இசை’ என்று நம்பியது நகரத்து உணவு விடுதிகளில் ஜிப்சி வாத்தியக் குழுக்கள் வாசித்ததை. லிஸ்ட், பிராம்ஸ் போன்ற இசையமைப்பாளர்கள் ஹங்கேரிய இசை என்று எடுத்தாண்டதும் அதைத்தான். 1904 கோடையில் வடக்கே ஒரு கிராமத்தில் தங்கியிருந்தபோது, டிரான்சில்வேனியாவிலிருந்து (இன்று அது ருமேனியாவில்) வேலைக்கு வந்திருந்த லிடி டோஷா என்ற இளம்பெண் பாடியதைக் கேட்டார். சேற்றில் விழுந்த சிவப்பு ஆப்பிளைப் பற்றிய பாட்டு. விடுதியில் கேட்ட இசையின் ஜோடனை எதுவும் அதில் இல்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டார், அடுத்த வருடம் பியானோ பக்கவாத்தியத்தோடு வெளியிட்டார். 1905-இல் ஸோல்டான் கோடாயைச் சந்தித்தார். நாட்டுப்புறப் பாடல்களில் ஆய்வு செய்துகொண்டிருந்த கோடாய்தான் முறையாகச் சேகரிப்பது எப்படி என்று வழிகாட்டினார். இருவரும் சேர்ந்து 1906-இல் 20 பாடல்களை வெளியிட்டார்கள், ஆளுக்குப் பத்து.

அப்புறம் பார்டோக் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். எடிசனின் ஒலிப்பதிவுக் கருவியான போனோகிராப், ஒலியைப் பதிய ஒரு பெட்டி நிறைய மெழுகு உருளைகள், இசைத்தாள். ஹங்கேரியில் இந்தக் கருவியோடு கிராமத்துக்குப் போன முதல் ஆள் அவரில்லை. பேலா விகார் என்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் 1890-களிலேயே அதைச் செய்திருந்தார். ஆனால் விகாருக்குச் சொற்கள் முக்கியம், பார்டோக்குக்கு மெட்டு. முதலில் ஹங்கேரியர்களிடம் மட்டும்தான் போவதாக எண்ணம். 1906-இலேயே ஸ்லோவாக்கியப் பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். இரண்டு மூன்று வருடங்களில் ருமேனியக் கிராமங்களுக்கும் போய்விட்டார். ஹங்கேரிய மெட்டு எது என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரன் மெட்டும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? தன்னுடையதைப் பிரித்தெடுக்கத்தான் அடுத்தவர் வீட்டுக்குப் போனார். போனவர் திரும்பவேயில்லை என்று சொல்லலாம். கடைசிக் கணக்கில் அவர் சேகரித்த ருமேனிய மெட்டுகள் ஹங்கேரிய மெட்டுகளைவிட அதிகம்.

1907-இல் டிரான்சில்வேனியாவின் சீக் பகுதியில் அவருக்குக் கிடைத்தது ஐந்தே ஸ்வரங்களில் அமைந்த மிகப் பழைய மெட்டுகள். நம் கணக்கில் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசி தெரிந்தவர்களுக்கு அந்த ஸ்வரங்கள் உடனே பிடிபடும், பாடும் முறை வேறு என்றாலும். இந்த ஐந்து ஸ்வரங்களிலிருந்து ஒரு நவீன இசையமைப்பாளர் என்ன எடுத்துக்கொண்டார் என்பதை ஹங்கேரிய நாட்டுப் பாடல்கள் பற்றிய 1928 கட்டுரையில் விளக்குகிறார். தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று அது.

மேற்கத்திய இசையில் பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது கார்ட். ச-க-ப மூன்றும் சேர்ந்தால் அது இணக்கமான, நிம்மதியான கார்ட். அதோடு நிஷாதம் சேர்ந்தால் அது உறுத்தல். உறுத்தலை அடுத்த கார்டில் தீர்த்துவைக்க வேண்டும் என்பது இருநூறு வருட இலக்கணம். பார்டோக் சொல்கிறார்: அந்தப் பழைய மெட்டுகளில் நிஷாதம் உறுத்தவில்லை. காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் என்ன மதிப்போ அதே மதிப்புதான் அதற்கும். பாடுகிற கிழவி அதில் நின்று நிதானிக்கிறாள், எங்கும் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்போது சமமாக இருப்பவை ஒன்றாக ஒலிக்கும்போது மட்டும் ஏன் சமமாக இருக்கக்கூடாது? ஆக ச-க-ப-நி நான்கையும் சேர்த்து ஒலிக்கவிட்டு, தீர்த்துவைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். அதேபோல் அந்த மெட்டுகளில் அடிக்கடி வரும் ச-ம தாவலிலிருந்து, அதே இடைவெளியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கார்டுகள் வந்தன. ருமேனிய, ஸ்லோவாக்கிய மெட்டுகளில் வரும் பிரதி மத்யமத்திலிருந்து இன்னொரு வகை ஒலி வந்தது.

பார்டோக்கின் இசையைக் கேட்டு ‘கடுமையாக இருக்கிறது, முரண் அதிகம்’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பத்திகள் ஒரு கதவைத் திறக்கும். அந்த ஒலி பழையதை உடைக்க வேண்டும் என்ற வேகத்தில் வந்ததில்லை. இலக்கணப் புத்தகத்தைவிடப் பழைய ஒன்றைக் காது கொடுத்துக் கேட்டதில் வந்தது. ருமேனிய மெட்டுகளில் பிரதி மத்யமமும் கைசிகி நிஷாதமும் சேர்ந்து வரும் ஒரு வரிசையைப் பார்டோக் பிற்காலத்தில் நிறையப் பயன்படுத்துகிறார். அதன் ஸ்வரங்கள் அப்படியே வாசஸ்பதியின் ஸ்வரங்கள். தொடர்பு எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனால் நமக்கு அது நுழைவதற்கு ஒரு வாசல்.

நாட்டார் இசையை ஒரு நவீன இசையமைப்பாளர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று 1931-இல் எழுதிய கட்டுரைதான் அவர் எழுத்துகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. மூன்று வழி சொல்கிறார். மெட்டை அப்படியே எடுத்து அதற்குப் பக்கவாத்தியமும் முன்னும் பின்னும் சில வரிகளும் எழுதுவது முதல் வழி. அதேபோன்ற ஒரு மெட்டைத் தானே கற்பனை செய்வது இரண்டாவது. மூன்றாவதில் மெட்டும் இல்லை, போலியும் இல்லை, ஆனால் எழுதியதெல்லாம் அந்தக் காற்றில் ஊறியிருக்கும். ஒரு கவிஞன் தாய்மொழியில் எழுதுவதைப் போல இசையமைப்பாளன் அந்த இசையில் இயல்பாக யோசிக்கத் தொடங்கிவிட்டான் என்று பொருள். கோடாயின் ‘சால்முஸ் ஹங்காரிக்குஸ்’ படைப்பை இதற்கு உதாரணமாகச் சொல்கிறார். முதல் வழி சுலபமான வேலை என்று நினைப்பவர்களுக்கு அவர் தரும் பதில் கறாரானது: ஒரு கிராமத்து மெட்டைச் சரியாகக் கையாளுவது பெரிய படைப்பு எழுதுவதைவிட லேசானதல்ல. மெட்டு எவ்வளவு எளிமையோ, தவறு செய்ய அவ்வளவு இடம் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தான் என்று கேட்காதே, எடுத்ததை என்ன செய்தான் என்று பார், பாக்கும் ஷேக்ஸ்பியரும் எடுத்தவர்கள்தானே என்கிறார்.

இதே கட்டத்தில், ஆதார ஸ்வரம் என்று ஒன்றே இல்லாமல் எழுதிய ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் பாதையிலிருந்தும் அவர் விலகுகிறார். அத்தகைய இசையைப் பற்றி 1920-இல் எழுதிய கட்டுரையில் அவருக்கு அதன்மீது நல்ல ஈர்ப்பு இருக்கிறது. 1928-க்குள் தெளிவாகிவிடுகிறது: நாட்டார் இசை எங்கே கேட்டாலும் ஓர் ஆதாரத்தைப் பற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆதாரம் இல்லாத நாட்டார் இசையைக் கற்பனைகூடச் செய்ய முடியாது, ஆகவே என் இசைக்கும் ஆதாரம் உண்டு.

இப்போது 1938-இல் எழுதிய ‘பல்கேரிய லயம் என்று சொல்லப்படுவது’ கட்டுரைக்கு வரலாம். தமிழ்நாட்டில் தாளம் போட்டு வளர்ந்த யாருக்கும் இது விசேஷமான கட்டுரை. மேற்கத்திய இசை பல நூற்றாண்டுகளாக இரண்டு, மூன்று, நான்கு என்று சம நீளமுள்ள அடிகளிலேயே ஓடியது. பல்கேரியாவின் ஆட்ட மெட்டுகளில் ஐந்து, ஏழு, ஒன்பது வருகின்றன, அதுவும் மிக வேகமாக. ஏழு என்றால் 2+2+3. ஒன்பது என்றால் 2+2+2+3. நிமிடத்துக்கு 300, 400 என்று ஓடும் நுண்ணிய அட்சரங்கள் அடிப்படை. அவை இரண்டிரண்டாகவும் மூன்றாகவும் கூடும்போது ஒரு அடி குட்டை, ஒரு அடி நெட்டை. கேட்கிறவனுக்கு ஒரு கால் மட்டும் கொஞ்சம் நீண்டு விழுவது மாதிரி இருக்கும். நமக்கு இது கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம். மிஸ்ர சாப்பில் நாம் மூன்றை முன்னே வைக்கிறோம், தகிட தகதிமி. பல்கேரியர்கள் மூன்றைக் கடைசியில் வைக்கிறார்கள், தகதிமி தகிட. விலோம சாப்பு என்று நம்மிடம் அதற்கும் பெயர் இருக்கிறது.

பல்கேரிய ஆய்வாளர்கள் இந்த மெட்டுகளை அச்சில் வெளியிட்டபோதுதான் பார்டோக்குக்கு இவை அறிமுகம். முதலில் பார்த்தபோது இப்படியும் இருக்குமா என்று நம்ப முடியவில்லை என்கிறார். அப்புறம் செய்த காரியம்தான் அவரை அவராக்குகிறது. தன்னுடைய பழைய ருமேனிய உருளைகளை எடுத்து மறுபடி கேட்டார். அங்கேயும் அதே லயம் இருந்தது! வருடங்களுக்கு முன்னால், ருமேனியப் பிடில்காரர் முன்னால் உட்கார்ந்து தானே பதிவு செய்த மெட்டுகள் அவை. அன்று அவர் காது அந்த நெட்டை அடியைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த சம அடிகளாக நினைத்து, சம அடிகளாகவே எழுதிவைத்திருந்தார். மெட்டு சரியாகத்தான் ஒலித்திருக்கிறது, எழுதிய கைதான் அதை நேராக்கியிருக்கிறது.

அவர் அதை மறைக்கவில்லை. கட்டுரையிலேயே சொல்கிறார். தன் ருமேனியச் சேகரிப்பை முதலிலிருந்து மறுபடி கேட்டு மறுபடி எழுதினார். 1913-இல் ருமேனிய அகாடமி வெளியிட்ட அவருடைய பிஹோர் மாவட்டத் தொகுப்பு 371 மெட்டுகள் கொண்டது. அதைக்கூட அவர் திருத்த வேண்டிய பிரதியாகவே பார்த்தார். 1934-லிருந்து பியானோ வகுப்பை விட்டுவிட்டு ஹங்கேரிய அறிவியல் அகாடமியில் உட்கார்ந்து 13,000-க்கும் மேற்பட்ட ஹங்கேரிய மெட்டுகளை ஒழுங்குபடுத்தினார். உருளையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டி, சாதாரணமாகக் காதில் விழாத நுண்ணிய அசைவுகளைக்கூடக் குறித்தார். அவருடைய பிற்காலச் சுரக்குறிப்பு ஒன்றைப் பார்த்தால் கண் கூசும். நான்கு வரிப் பாட்டுக்கு ஒரு பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குறிகள், இந்த ஸ்வரம் கொஞ்சம் உயரம், அது கொஞ்சம் தாழ்வு என்று அம்புகள்.

இவ்வளவு பாடுபட்டு எழுதியவர், எழுதியதை நம்பாதே என்றும் சொல்கிறார். நாட்டார் இசையை ஏன், எப்படிச் சேகரிக்க வேண்டும் என்று 1930-களின் நடுவில் எழுதிய கட்டுரையில் இது வருகிறது. மெட்டு உயிருள்ள ஒன்று, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ‘இந்தப் பாட்டு இப்படித்தான்’ என்று சொல்லக்கூடாது. ‘அந்த இடத்தில், அந்த நேரத்தில் இப்படி இருந்தது’ என்று மட்டும்தான் சொல்லலாம். சேகரிப்பவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அவர் போடும் பட்டியல் மலைக்கவைக்கும்: மொழியியல், ஒலியியல் தெரிய வேண்டும், நடனத்தைக் குறிக்கத் தெரிய வேண்டும், வழக்காறுகள், சமூகவியல், வரலாறு, அந்தந்த மக்களின் மொழி, எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல காது. இத்தனையும் உள்ள ஒருவர் இதுவரை பிறக்கவில்லை என்று அவரே சொல்லிவிடுகிறார். அவர் மட்டும் முடிந்தவரை முயன்றார். ஸ்லோவாக்கியமும் ருமேனியமும் படித்தார். 1913-இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்குப் போய் அரபுக் கிராமிய இசையைப் பதிவு செய்வதற்காக அரபு மொழியிலும் இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டித் துருக்கி மொழி படித்தார்.

1937-இல் இயந்திர இசையைப் பற்றிப் பேசிய உரையும் இதே இழையில்தான் வருகிறது. கிராமபோன் தட்டும் வானொலியும் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த காலம். தன் வாழ்நாள் வேலையே ஒலிப்பதிவுக் கருவியை நம்பியிருந்தவர், கருவியைக் கும்பிடவில்லை. ஆய்வுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் இசையமைப்பாளரேகூடத் தன் படைப்பை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிப்பதில்லை, தட்டு மட்டும் எப்போதும் ஒரே மாதிரி ஒலிக்கிறது. டப்பாவில் அடைத்த பழத்துக்கும் புதுப் பழத்துக்கும் உள்ள வித்தியாசம் என்கிறார்.

இனி மறுபடியும் தேசத்துக்கு வருவோம். முதல் உலகப்போர் முடிந்து 1920-இல் டிரியானான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. பார்டோக் பிறந்த ஊர், வளர்ந்த ஊர்கள், பாட்டுச் சேகரித்த கிராமங்களில் பெரும்பாலானவை புதிய எல்லைகளுக்கு அப்பால் போய்விட்டன. அவருடைய களப்பணி ஏறக்குறைய நின்றுபோனது. அந்த வருடம்தான் ஹுன்யாட் மாவட்ட ருமேனியர்களின் இசையைப் பற்றி ஒரு ஜெர்மன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருந்தார். புடாபெஸ்டில் பத்திரிகைகள் கொதித்தன. நாடு துண்டாகும்போது எதிரியின் இசைக்குப் புகழ் பாடுகிறான் என்றார்கள். அவர் அச்சிலேயே பதில் சொன்னார். அந்தப் பக்கம் ருமேனியாவிலும் சிலருக்கு அவர்மேல் சந்தேகம் தீரவில்லை.

இரண்டு பக்கமும் அடி வாங்கியவர் 1937-இல் நாட்டுப்பாடல் ஆய்வும் தேசியவாதமும் பற்றி எழுதியது ஒரு நிதானமான கட்டுரை. இந்த ஆய்வுக்கு விதை போட்டதே தேசிய உணர்ச்சிதான் என்று ஒப்புக்கொள்கிறார். எங்களிடமும் ஒரு பொக்கிஷம் இருக்கிறது என்ற பெருமிதம். ஆனால் அடுத்தவன் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதே பொக்கிஷம் அங்கேயும் இருக்கிறது. அங்கேதான் சண்டை தொடங்குகிறது: யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? எடுத்தது குற்றமில்லை, கொடுத்தது உயர்வும் இல்லை, ஆய்வாளன் வேலையில் இருக்கும்வரை தன் தேசப்பற்றை முடிந்தவரை ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1931-இல் ஒரு ருமேனிய இசை ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: போர்களையும் பகைகளையும் மீறி மக்கள் எல்லோரும் சகோதரர்கள் என்பதே என் அடிப்படை எண்ணம், ஊற்று ஸ்லோவாக்கியமோ ருமேனியமோ அரபோ எதுவானாலும் சரி, அது சுத்தமாக இருந்தால் போதும். 1923-இல், பூடாவும் பெஸ்டும் ஒரே நகரமான ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு எழுதிய ‘நடனத் தொகுதி’யில் அவர் ஹங்கேரிய, ருமேனிய, அரபு வண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததை நினைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படிக்க வேண்டும். தலைநகரத்தின் தேசிய விழாவுக்கு, டிரியானானுக்கு மூன்றே வருடம் கழித்து, அதைச் செய்தார்.

1936 நவம்பரில் துருக்கிக்குப் போனதைப் பற்றிய கட்டுரை தொகுப்பிலேயே கலகலப்பானது. அங்காராவின் அழைப்பின்பேரில் போனவர், இளம் துருக்கி இசையமைப்பாளர் அத்னான் சைகுனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதானா வட்டாரத்தில் சுற்றினார். பெண்களைப் பாடவைக்க முடியவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. ஒஸ்மானியே பக்கத்தில் எழுபது வயது முதியவர் ஒருவர், பெயர் பெகிர், தயக்கமே இல்லாமல் ஒரு பழைய போர்க்கதையைப் பாடத் தொடங்குகிறார். பார்டோக்குக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அது ஒரு பழைய ஹங்கேரிய மெட்டின் மாற்று வடிவம் மாதிரியே இருக்கிறது. கிராமத்து வீடு ஒன்றில் கேட்ட முதல் பாட்டு! ஹங்கேரிய இசையின் மிகப் பழைய வேரைத் தேடிப் போனவருக்கு அது அகப்பட்டது ஹங்கேரியில் அல்ல, துருக்கியின் அனடோலியாவில்.

இதற்கிடையே ஐரோப்பா இருண்டுகொண்டிருந்தது. தன் கச்சேரிகளை ஜெர்மனி, இத்தாலி வானொலிகள் ஒலிபரப்பக்கூடாது என்று தடுத்தார். ஆஸ்திரியா நாஜிகளின் கையில் போன 1938-இல், அங்கிருந்த உரிமைத்தொகை அமைப்பு, நீங்கள் ஆரியரா இல்லையா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியது. பார்டோக்கும் கோடாயும் அதைப் பூர்த்தி செய்ய மறுத்துவிட்டார்கள். தாய் 1939 இறுதியில் இறந்தபின், மறு வருடம் மனைவி டிட்டாவோடு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். புடாபெஸ்டில் ஹிட்லர், முசோலினி பெயரில் சதுக்கமோ தெருவோ இருக்கும்வரை என் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கக்கூடாது என்று உயில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். 1942 கட்டுரைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. ‘தூய்மை’ என்ற கோஷம் நாடு முழுக்க என்ன செய்யும் என்று பார்த்தவர், மெழுகு உருளைகளில் கேட்டதை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொன்னார்.

ஆனால் இந்தத் தொகுப்பை முழுக்க ஒப்புக்கொண்டு படிக்க என்னால் முடியவில்லை. ‘ஜிப்சி இசையா, ஹங்கேரிய இசையா’ என்ற 1931 கட்டுரையில் அவர் சொல்லும் அடிப்படை உண்மை சரியானது. 1859-இல் லிஸ்ட் தன் நூலில் அந்த விடுதி இசையை ஜிப்சிகளின் சொந்தப் படைப்பு என்று எழுதியது தவறு, அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஹங்கேரிய மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு இசையமைப்பாளர்கள் எழுதியவை, ஜிப்சி குழுக்கள் அவற்றை வாசித்தார்கள். ஆனால் வாசித்தவர்களைப் பற்றி அவர் எழுதும் தொனியில் ஒரு கடுமை இருக்கிறது, பணத்துக்காகப் பாட்டைக் கெடுப்பவர்கள் என்பது போல. அவருடைய ருமேனிய உருளைகளில் பிடில் வாசித்தவர்களில் பலர் ரோமா மக்கள்தான், அதாவது ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள். கலப்பு வளம் என்று கண்டுபிடித்தவரால், கிராமங்களுக்கிடையே அந்த மெட்டுகளைத் தோளில் சுமந்து நடந்த கலைஞர்களுக்கு உரிய இடத்தைத் தர முடியவில்லை. நகரத்துப் பாட்டு என்றாலே அவருக்கு ஒவ்வாமை. கிராமத்து இசையைப் பூவும் விலங்கும் போல இயற்கையாய் விளைந்த ஒன்றாகவே பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது பாடுகிறவளின் சொந்தக் கற்பனை, அவள் வேண்டுமென்றே செய்யும் மாற்றம், கணக்கில் வராமல் போகிறது. ‘சுத்தமான ஊற்று’ என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை விடவில்லை. எந்தத் தேசத்தின் ஊற்று என்ற கேள்வியை மட்டும்தான் விட்டார். 1936-இல் அகாடமியில் லிஸ்ட்டைப் பற்றி ஆற்றிய உரையில் அவருடைய தவறை மிகுந்த பரிவோடு விளக்குகிறார். அதே பரிவு பிடில்காரர்களுக்கும் கிடைத்திருக்கலாம்.

1943 பிப்ரவரியில் ஹார்வர்டில் தொடர் உரைகள் தொடங்கினார். இசை புரட்சியால் மாறுவதில்லை, படிப்படியான வளர்ச்சியால்தான் மாறுகிறது என்பது முதல் உரையின் பொருள். அப்புறம் சுர வரிசைகள், நெருக்கமான சுர அமைப்புகள், லயம். தன் இசை எப்படி இயங்குகிறது என்று தானே இவ்வளவு விரிவாக அவர் வேறெங்கும் பேசியதில்லை. தொடர் பாதியிலேயே நின்றது, உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. எழுதிவைத்த நான்கு உரைகள் மட்டும் தொகுப்பில் இருக்கின்றன. 1945 செப்டம்பர் 26-இல் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். ருமேனியச் சேகரிப்பு ஐந்து தொகுதிகளாக 1967-க்கும் 1975-க்கும் இடையில்தான் அச்சேறியது. துருக்கிச் சேகரிப்பு 1976-இல், கட்டுரைத் தொகுப்பு வந்த அதே வருடம்.

முதல்முறை படிப்பவர்கள் நூலை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. துருக்கிக் கட்டுரையில் தொடங்கலாம், அப்புறம் 1942 கட்டுரை, அப்புறம் பல்கேரிய லயம். அந்த மூன்றாவதைப் படிக்கும்போது ‘மிக்ரோகோஸ்மோஸ்’ பியானோத் தொகுப்பின் கடைசி ஆறு உருப்படிகளைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். மொத்தம் 153 உருப்படிகளில் 148 முதல் 153 வரை உள்ளவை பல்கேரிய லய நடனங்கள். 149-ஆவது தகதக தகிட என்று ஏழில் போகும். 150-ஆவது ஐந்து. 152-ஆவது தகதகதக தகிட, ஒன்பது. விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் இரண்டாம் முறையே பிடிபட்டுவிடும்.